ஒரு பொன்னாடையும் மூன்று தோள்களும்

விடை கடைசிப் பத்தியில் இருக்கிறது. இப்போதே அங்கே கண்ணை ஓட்டுகிறவர்களை என்னால் தடுக்க முடியாது. ஆனால் அவர்கள் பிறகு, "எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லக்கூடாது. மற்றவர்கள் வாருங்கள், நாகர்கோவிலுக்குப் போவோம்.

அங்கே ஜெபிஷா என்ற பெண் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து வந்தாள். காலையில் முகூர்த்தம் என்றால், மாலை வரவேற்பிலேயே அதைப் படமாகத் தொகுத்து மேடைத் திரையில் ஓட்டிவிட வேண்டும். இப்போது அதுதான் மோஸ்தர். போன கல்யாணத்தில் அவளுடைய பழைய லேப்டாப் பாதியிலேயே படுத்துவிட்டது. ஒருவழியாகப் படம் ஓடியபோது மாப்பிள்ளையும் பெண்ணும் காரேறிப் போய்விட்டார்கள். எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் பார்த்தார்கள். அவமானத்தில் ஜெபிஷா இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

அந்தக் கல்யாணம் நடந்த மண்டபத்துக்குச் சொந்தக்காரர் பகவதியம்மாள். பாவம் பார்க்கிறவர்தான், ஆனால் கறார்.

"இன்னும் ஒரு கல்யாணம் தாறேன் மக்ளே. வரவேற்பு முடியதுக்குள்ள படம் ஓடிச்சுன்னா இந்த சீசன் முழுக்க உனக்கு. இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன். வருத்தப்படப்பிடாது."

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டராகப் பூட்டிவிடுவது என்று ஜெபிஷா முடிவு செய்தாள். கையில் இருந்தது நடுத்தரமான சேமிப்பு. நல்ல கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று வரும், ஆசைப்பட்டதெல்லாம் வராது. இந்தச் செய்தி வெளியே கசிந்ததுதான் தாமதம், யோசனை சொல்ல மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாவது, தம்பி அஜின். கேம் விளையாடுவதில் சூரன். "அக்கா, இருக்கதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டா போடு. மத்ததெல்லாம் சும்மா" என்றான். தொகுத்த படத்தை வேகமாக வெளியே தள்ளுவது கார்டுதான். ஆனால் அவன் காட்டியது விலையிலும் பெரிது, மின்சாரத்தை மடமடவென்று குடிப்பதிலும் பெரிது.

இரண்டாவது, அவளோடு கல்யாணங்களுக்கு வரும் கேமராமேன் தாணுமாலயன். அவரைப் பொறுத்தவரை மெமரிதான் எல்லாம். "நாலு கேமரா ஃபுட்டேஜ தாங்கணும்லா தங்கச்சி? மதர்போர்டுல எத்தனை இடம் இருக்கோ அத்தனையிலயும் மெமரிய நெறைச்சிரு. கார்டே வாங்காண்டாம்."

மூன்றாவது, அப்பா அருளப்பன். மின்வெட்டில் ஒரு டி.வி.யைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவருக்கு மின்சாரத்தின் மேல் நம்பிக்கையே இல்லை. "கரண்டு போனா உங்க கார்டும் மெமரியும் என்ன செய்யும்?" என்று கேட்டு, வீட்டுக்கே வெளிச்சம் தரக்கூடிய, இரண்டு ஆள் தூக்கவேண்டிய பேட்டரியோடு ஒரு யு.பி.எஸ். கேட்டார்.

மூன்றில் எதை வாங்கினாலும் சேமிப்பு அதோடு சரி.

ஜெபிஷா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு கடைக்குத் தனியாகப் போனாள். நடுத்தரமான கார்டு, பாதி இடங்களுக்கு மட்டும் மெமரி, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன யு.பி.எஸ். என்று வாங்கி வந்தாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. "பாதி வேலை" என்றான் அஜின். "கஞ்சத்தனம்" என்றார் தாணுமாலயன். அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கல்யாண நாள் வந்தது. பெட்டியைக் காரில் ஏற்றி மண்டபத்துக்கே கொண்டுபோய், சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். நாலு கேமராவின் படங்களும் தங்குதடையில்லாமல் ஓடின. சாயங்காலம், தொகுத்த படம் பெட்டியிலிருந்து ஒரே கோப்பாக வெளியே வந்துகொண்டிருந்தபோது மண்டபமே இருண்டது. ஜெனரேட்டர் கிளம்ப அதற்கே உரிய நேரம் எடுத்துக்கொண்டது. அத்தனை நேரமும் சின்ன யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்திக்கொண்டே பெட்டியை அணையாமல் காத்தது. விளக்கு வந்தது, படமும் தயார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நிற்கும்போதே திரையில் தாலி ஏறியது! பெண்ணின் தாயார் வாய்விட்டு அழுதார். கூட்டம் விசிலடித்தது. எனக்கே எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருக்கிறது.

பகவதியம்மாள் சீசன் முழுவதையும் ஜெபிஷாவுக்கு அங்கேயே உறுதி செய்து, ஒரு பொன்னாடையையும் எடுத்தார். ஜெபிஷா கையெடுத்துக் கும்பிட்டாள். "என் வேலைக்கு சீசன் கிடைச்சாச்சும்மா. இது பெட்டிய ஜெயிக்க வச்ச ஆளுக்குப் போடுங்க" என்றாள்.

உடனே மூன்று பேரும் முன்னால் வந்தார்கள். கார்டு இல்லையென்றால் படம் நேரத்துக்கு வெளியே வந்திருக்காது என்றான் அஜின். மெமரி இல்லையென்றால் எடிட்டிங்கே நடந்திருக்காது என்றார் தாணுமாலயன். யு.பி.எஸ். இல்லையென்றால் எல்லாம் இருட்டோடு போயிருக்கும் என்றார் அருளப்பன். மூன்றும் உண்மை. பொன்னாடையோ ஒன்று.

சொல்லுங்கள், பெட்டியை ஜெயிக்க வைத்தது யார்? பொன்னாடை எந்தத் தோளுக்குப் போகவேண்டும்?

விடை: மூன்று பேருக்கும் இல்லை. பகவதியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க கேட்டத அப்பிடியே வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" அஜினின் பெரிய கார்டு வந்திருந்தால் மெமரிக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் வழியில்லை, அப்படியே ஒரு சின்ன யு.பி.எஸ். இருந்திருந்தாலும், அந்தக் கார்டின் பசிக்கு அது ஜெனரேட்டர் வரும்வரை தாங்கியிருக்காது. மெமரியை நிறைத்திருந்தால் கார்டு இல்லாமல் படம் மறுநாள்தான் வந்திருக்கும். அப்பாவின் பேட்டரி வந்திருந்தால், பாதுகாக்க ஒரு பெட்டியே இருந்திருக்காது. மூன்று பேரும் சொன்னது சரி, கேட்ட அளவுதான் தப்பு. மூன்றையும் சேர்த்துக்கொண்டு, மூன்றையும் குறைத்து, மூன்று பேரின் கோபத்தையும் தாங்கியவள்தான் அந்தப் பெட்டியை ஜெயிக்க வைத்தாள். பகவதியம்மாள் பொன்னாடையைப் பிரித்து ஜெபிஷாவின் தோளில் போட்டார். முதலில் கைதட்டியவர் அருளப்பன்.