முதல் பக்கத்துப் பெயர்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்துமூன்று. சீடருக்கு அறுபத்துநான்கு. அப்படித்தான் அமைந்துவிட்டது, நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

குருவின் பெயர் ஷெர்லின். பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். சீடர் கோமதிநாயகம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவை பழைய காமிக்ஸ் புத்தகங்கள். அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்க்கிறாள். அவர் ஓய்வுக்குப் பிறகு ஆரம்பித்தார்.

குரு என்ற பட்டம் அவளுக்குச் சும்மா வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன் கோமதிநாயகம் ஒரு தீபாவளி மலரைக் கொண்டுவந்து, அசல் பிரதி என்று பெருமையாக அவள் மேசைமேல் வைத்தார். ஷெர்லின் அட்டையைப் பார்க்கவே இல்லை. நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைத் தைத்திருந்த பின்னை விரலால் தடவினாள்.

"பின் புதுசு அண்ணாச்சி. அட்டை ஒரு புத்தகம், உள்ள வேற புத்தகம். வித்தவன் சேர்த்து அடிச்சுக் கொடுத்துட்டான்."

அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தார். அட்டையில் பாய்ந்துகொண்டிருந்த குதிரைவீரன் உள்ளே அறுபத்துநான்கு பக்கத்தில் ஓர் இடத்திலும் வரவில்லை. மறுநாளே வந்து, "இனிமே நீங்கதான் எனக்குக் குரு" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வயதுக்கு அவளை நீ என்று கூப்பிடலாம். அன்று முதல் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கோமதிநாயகம் குனிந்து உள்ளே வந்தார். கையில் துணிப்பை. முகம் சரியில்லை.

"நாளைக்குக் காலையில பழைய பேப்பர்க்காரரை வரச்சொல்லிட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"ரெண்டு டிரங்குப் பெட்டியும் போவுது. அத்தனை புஸ்தகமும்."

ஷெர்லின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "மொதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். அடுத்த மாதம் அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். அது அவளுக்குத் தெரியும்.

"மகன் ஏதாவது சொன்னாரா?"

"சேச்சே. அவன் பெட்டி வைக்கதுக்குத் தனியா அலமாரியே அடிச்சு வச்சிருக்கான். போன வாரம் போனப்ப பேத்திக்கு ஒண்ணு கொண்டுபோனேன். பத்தாங்கிளாஸ் படிக்கா. உள்ளதுலயே நல்லதாப் பாத்துக் கொடுத்தேன்."

"என்ன சொன்னா?"

"ரெண்டு பக்கம் புரட்டினா. 'நல்லாருக்கு தாத்தா'ன்னு திருப்பிக் கொடுத்துட்டா."

"அவ்வளவுதானா?"

"மரியாதையாக் கொடுத்தா, பாத்துக்கிடுங்க. ரெண்டு கையாலயும் கொடுத்தா. பிடிக்கலைன்னு சொல்லியிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன்."

அந்த இரண்டு கைதான் அவரை நொறுக்கிப்போட்டது. கோயம்புத்தூரிலிருந்து திரும்பும் ரயிலில் அவர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றார். "இனிமே வாற பிள்ளைங்க இதையெல்லாம் சேர்த்து வைக்குமா? வைக்கும்னு சொன்னீங்கன்னா, பேப்பர்க்காரரை வரவேண்டாம்னு சொல்லிருதேன். வைக்காதுன்னா, நான் போனப்புறம் யாரோ தூக்கிப் போடுததுக்கு நானே போட்டுருதேன். எங்கையால போவட்டும்."

தான் கேட்கிற ஆளே தன்னைவிட முப்பத்தோரு வயது இளையவள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. சீடர்களுக்கு இப்படி ஒரு பார்வைக் கோளாறு உண்டு.

"பையில என்ன?" என்றாள் ஷெர்லின்.

"'ஏழாம் துறைமுகம்'. இதை மட்டும் பேப்பர்க்காரருக்குக் கொடுக்க மனசு வரல்ல. நீங்க வச்சுக்கிடுங்க."

நான்கு பிளாஸ்டிக் உறைகளுக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தார். ஐம்பது வருடப் பழசு. அந்தக் காலத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிசுக் கூப்பன் இருக்கும். பிள்ளைகள் அதை வெட்டி அனுப்பிவிடுவார்கள். இதில் கூப்பன் அப்படியே இருந்தது.

ஷெர்லின் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பின்னைத் தடவினாள். நடுப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனாள். "அண்ணாச்சி, எப்பேர்ப்பட்ட பிரதி!" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

பிறகு முதல் பக்கத்தைத் திறந்தாள். தலைப்புக்குக் கீழே வெறும் தாள். மற்றப் பக்கங்கள் பழுப்பேறிக் கிடக்க, இது மட்டும் வெள்ளையாக இருந்தது.

"இந்தப் பக்கத்தை என்ன செஞ்சீங்க?"

"சுத்தம் பண்ணினேன்" என்றார் கோமதிநாயகம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேரும் கீறலுமா எழுதி அசிங்கம் பண்ணி வச்சிருந்தாங்க. பென்சிலை ரப்பர் வச்சு அழிச்சேன். பேனா மைக்கு, பிளீச்சிங் தண்ணியில பஞ்சை நனைச்சு, ஒவ்வொரு எழுத்தா ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஒரு வாரம் ஆச்சு. தாள் எங்கயாவது கிழிஞ்சிருக்கா பாருங்க."

"கிழியல்ல. பெட்டியில இருக்கிற எல்லாத்தையுமா இப்படிச் செஞ்சீங்க?"

"எல்லாத்தையும்தான். அடுத்து வாறவங்களுக்குப் புதுசு மாதிரி இருக்கணும்லா."

ஷெர்லின் எழுந்துபோய் ஜெராக்ஸ் மிஷினைப் போட்டாள். புத்தகத்தின் முதுகு மடங்காமல் தாங்கிப் பிடித்து, முதல் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்தாள். கறுப்பு அளவைக் கடைசிவரை ஏற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

தாள் சூடாக வெளியே வந்தது. விறகடுப்பு எரித்த சமையலறைச் சுவர் மாதிரி முழுக்கச் சாம்பல் நிறம். பென்சில் அழுந்திய தடமும் மை ஊறிய மஞ்சள் கறையும் கண்ணுக்குத் தெரியாது, மிஷினுக்குத் தெரியும். சாம்பலுக்குள்ளிருந்து எழுத்துகள் வந்திருந்தன.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிங்க" என்றாள்.

அவர் வாசித்தார்.

எஸ். வன்னியராஜன், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, 1976. இதைத் திருடுபவன் கண் அவிந்து போகும்.

அதற்குக் கீழே வேறு கையெழுத்து. மேற்படி வன்னியராஜன் தானாகவே எனக்குத் தந்தது. கண் நன்றாக உள்ளது. இ. சவரிமுத்து, 1983.

கோமதிநாயகம் பக்கென்று சிரித்துவிட்டார்.

அதற்குக் கீழே உருண்டை உருண்டையான எழுத்து. மு. தௌலத் நிஷா, 1995. முழுப்பரீட்சை லீவில் பதினோரு தடவை படித்தேன்.

அதற்கும் கீழே. ப. இசக்கிராஜ், 2008. பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பல் படம்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"இவ்வளவையும் நான்லா அழிச்சேன்" என்றார். "ஒவ்வொரு எழுத்தா ஒத்தி எடுத்தேன். ஒரு வாரம் இதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவையாவது வாசிச்சுப் பாக்கணும்னு தோணலியே எனக்கு."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஷெர்லின் பார்க்காதமாதிரி மிஷின் மூடியைச் சரிசெய்தாள்.

பிறகு கேட்டாள். "இதுல இளைய தலைமுறை யாரு அண்ணாச்சி?"

அவர் இசக்கிராஜின் பெயரில் விரலை வைத்தார். விரல் ஒரு பெயர் மேலே போனது. இன்னும் ஒரு பெயர் மேலே போனது. வன்னியராஜனிடம் வந்து நின்றது. அங்கிருந்து அவரால் அதை எடுக்க முடியவில்லை.

"ஏழாங்கிளாஸ்" என்றார் மெதுவாக.

தெருவில் ஒரு ஆட்டோ போனது. அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"சரி, இதுவரைக்கும் வந்துட்டாங்க. இனிமே? இனிமேயும் வருவாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

"தெரியாது அண்ணாச்சி."

"குருவே தெரியாதுன்னா எப்படி?"

"பேரு எழுதும்போது வன்னியராஜனுக்கு உங்களைத் தெரியுமா?"

கோமதிநாயகம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான்தான் கோமதிநாயகம் பேசுதேன். நாளைக்கு வரவேண்டாம். இல்லல்ல, வேற யாருக்கும் கொடுக்கல்ல. எங்க வீட்ல பழைய பேப்பர் இல்ல. அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டு ஷெர்லினைப் பார்த்தார். மின்வாரியத்தில் எந்த அதிகாரியையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டு பெட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வாரேன். ஒவ்வொரு முதல் பக்கத்தையும் இப்படி எடுத்துப் பாத்துருவமா?"

"கொண்டு வாங்க. மிஷின் எங்கயும் போவாது."

அவள் அந்தச் சாம்பல் நிறத் தாளை மடித்துப் பின்னட்டைக்குள் வைத்தாள். முதல் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க."

அவர் பின்னால் நகர்ந்தார். "புஸ்தகத்துலயா?"

"உங்க பேரு, வருஷம். அவங்க எழுதினமாதிரி."

முப்பது வருடம் மின்கம்பத்தில் எண் எழுதிய கை அது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் பென்சிலை வாங்கினார். அந்த வெள்ளைப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். தனக்குரிய இடம் இதுதான் என்று நினைத்தாரோ என்னவோ, அடியோரத்தில், தாள் முடிகிற மூலையில் கொண்டுபோய்ப் பென்சிலை ஊன்றினார்.

ஷெர்லின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்க வேண்டாம் அண்ணாச்சி. இசக்கிராஜ் இருந்த இடத்துக்கு அடுத்தாப்ல எழுதுங்க. கீழ இடம் வேணும்."