மூன்று பதில்களும் மூன்று அழகிய பெயர்களும்

மேகங்கள் மலையை விட்டு இறங்கித் தெருவில் உலவிய காலம் அது. அந்த மலைநாட்டை மேகவர்மன் என்னும் மன்னன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கனவுப் பித்தன். பகல் உணவுக்குப் பின் சற்றே கண்ணயர்வான். விழித்ததும், கனவில் கண்டதை நாட்டில் நடத்திக் காட்டச் சொல்வான். ஒருமுறை மீன்கள் மரத்தில் கூடு கட்டுவதாகக் கனவு வந்தது. உடனே குளக்கரை மரங்களில் எல்லாம் கூடைகள் தொங்கின. யாருக்கும் கேடில்லை, குருவிகள் குடியேறிக்கொண்டன.

பிறகு ஒரு நாள் இன்னொரு கனவு. பனி படர்ந்த ஒரு மாளிகை. அங்கே அவன் எதைக் கேட்டாலும் வெள்ளித் தட்டில் வந்தது. தட்டில் இருந்த ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே மெல்லப் பாடியது. அந்தப் பாட்டின் மயக்கம் தெளியாமலே மன்னன் சபைக்கு வந்தான்.

"இனி நம் அரண்மனையில் யார் எதைக் கேட்டாலும், பதிலாக வரும் ஒவ்வொன்றுக்கும் அழகிய பெயர் இருக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு குளிர வேண்டும். வெற்றுப் பெயர் சொல்பவன் நாட்டை விட்டு நீங்கட்டும்!"

பெயர் சூட்டும் பொறுப்பு அவைக்கவிஞர் மணிமொழியாருக்குக் கிடைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். மூன்றாக எது வந்தாலும் 'விடியல்', 'நண்பகல்', 'அந்தி' என்று பெயர் சூட்டினார். சபை உருகியது. விகடகவி ஆதன் மட்டும் உருகவில்லை. "மூன்றும் அழகு. எது எதுவென்று எப்படித் தெரியும்?" என்றான். மணிமொழியார் முகம் சிவந்தது. அவர் மூன்று இரவு முயன்று எழுதிய கவிக்கும் சிரிக்காத மன்னன், ஆதன் தும்மினாலே சிரிப்பான் என்ற புகைச்சல் அவருக்கு முன்பே உண்டு.

சில நாளில் யானைப்பாகன் வேங்கையன் தலையில் அடித்துக்கொண்டு ஆதன் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ஐயா, எம்பொண்டாட்டிக்குக் காய்ச்சல். அரண்மனை மருந்துச்சாலையில கேட்டேன். மூணு சிமிழ் குடுத்தாங்க. 'விடியல்'னு இருந்ததை விடியக்காலையில குடிக்கச் சொல்லித்தானே எழுதியிருப்பாங்கன்னு குடுத்துட்டேன். அது நெத்தியில பூசுற தைலமாம்! வாயெல்லாம் வெந்து கிடக்கா."

ஆதன் போய்ப் பார்த்தான். அந்தப் பெண் பேச முடியாமல், கண்ணால் மட்டும் பார்த்தாள். மருத்துவரைக் கூட்டி வந்து பாலும் நெய்யும் கொடுக்கச் செய்துவிட்டு, நேரே சபைக்குப் போனான்.

"அரசே, பூசும் தைலத்தைக் குடித்துப் பாகன் மனைவிக்கு வாய் வெந்துவிட்டது. குடிப்பது எது, பூசுவது எது, புகைக்காகத் தழலில் தூவுவது எது என்று சிமிழே சொல்ல வேண்டாமா?"

மணிமொழியார் முந்திக்கொண்டார். "ஆதனுக்குச் செவி உண்டு, சுவை இல்லை அரசே. அவரும் அழகைப் பழக வேண்டும். அண்டை நாட்டு அரசி செங்கமலையிடம் நாம் மூன்று செய்தி அறிய வேண்டியிருக்கிறதே, அதற்கு இவரையே தூது அனுப்புங்கள். பதில்களைத் தங்கள் ஆணைப்படி அழகிய பெயரோடு சொல்லட்டும். ஒரு வெற்றுப் பெயர் நழுவினாலும் நாடு நீங்கட்டும்."

மன்னன் அரைக்கண் மூடியபடி தலையசைத்தான்.

அப்போது கீழ்வயல்கள் தண்ணீரின்றி வெடித்துக் கிடந்தன. மேலேயிருந்த மதகு செங்கமலையின் கையில் இருந்தது. அவள் படை திரட்டுவதாகவும், நேரில் இங்கே வரப்போவதாகவும் ஊரில் பேச்சு. மதகைத் திறப்பாளா, படையெடுப்பாளா, நேரில் எந்த நாளில் வருவாள்: அறிய வேண்டியவை இவைதாம்.

ஆதன் போனான், திரும்பினான். சபை மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. அவன் வணங்கி, மன்னன் கனவில் கேட்டது போலவே, பாட்டாக இழுத்துச் சொன்னான்:

"விடியல், ஆம். நண்பகல், பௌர்ணமி. அந்தி, இல்லை."

மன்னன் முகம் மலர்ந்தது. பிறகு மெல்லச் சுருங்கியது.

"ஆம் என்றால்... எதற்கு ஆம்? நான் கேட்ட வரிசையில் சொல்கிறாயா?"

"வரிசை பற்றித் தங்கள் ஆணையில் ஒன்றும் இல்லையே, அரசே. அழகு மட்டும்தான் இருந்தது. எனக்கோ சுவை இல்லை. பெயர் சூட்டியவரையே கேளுங்கள்."

மணிமொழியார் தொண்டையைச் செருமினார். "விடியல் என்பது நம்பிக்கை. ஆகவே நீர். மதகு திறக்கும்."

"விடியல் செந்நிறம் அல்லவா? குருதி என்றும் கொள்ளலாமே?" என்றான் படைத்தலைவன்.

"கொள்ளலாம். கவிதையில் இரண்டும் பொருந்தும்."

மன்னன் அரியணையை விட்டு எழுந்துவிட்டான். "பௌர்ணமி நாளைக்கு! நான் கோட்டைக் கதவைச் சாத்துவதா, தோரணம் கட்டித் திறப்பதா? விருந்தாளியின் முகத்தில் கதவைச் சாத்தினால் அதனாலேயே போர் வரும். பகைவனுக்குத் திறந்தால் நாடே போகும். ஆதா, சொல்லித் தொலை!"

"சொன்னால் நாடு கடத்துவீர்களே, அரசே."

மன்னன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பல மாதங்களுக்குப் பின் அந்தக் கண்களில் தூக்கம் துளியும் இல்லை. "அந்த ஆணை இந்தக் கணமே ஒழிந்தது. சொல்."

"மதகு திறப்பு: ஆம். படையெடுப்பு: இல்லை. அரசி வரும் நாள்: பௌர்ணமி."

சபை முழுவதும் பெருமூச்சு விட்டது. "இவ்வளவுதானா!" என்றான் மன்னன். "கேட்கும்போதே நெஞ்சு குளிர்கிறதே!"

"அழகும் அதுதான், அரசே. பாகன் மனைவிக்கும் இப்படி ஒரு சொல் கிடைத்திருந்தால் வாய் வெந்திருக்காது."

மன்னன் தலைகுனிந்தான். அன்றே சிமிழ்களில் 'குடிக்க', 'பூச', 'தழலில் தூவ' என்று எழுதச் செய்தான். வேங்கையன் வீட்டுக்குத் தானே போய் நலம் விசாரித்தான். பாகன் மனைவி தேறி வந்துகொண்டிருந்தாள். கஞ்சியில் உப்பில்லை என்று கணவனை வையும் அளவுக்கு.

மணிமொழியாரை என்ன செய்வது? நாடு கடத்தலாம் என்றார்கள் சிலர். ஆதன் தடுத்தான். "மேகங்களுக்கு அவர் பெயர் சூட்டட்டும், அரசே. அவற்றை யாரும் தவறிக் குடித்துவிட மாட்டார்கள்." கவிஞருக்கு அந்த வேலை உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. தினமும் மலையுச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பௌர்ணமியன்று மதகு திறந்தது. செங்கமலைக்கு விருந்து நடந்தது. நிறைந்த சபையில் மன்னன் தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி ஆதனுக்கு அணிவித்து, "இதற்கு நீயே ஒரு பெயர் சூட்டு" என்று சீண்டினான்.

"முத்துமாலை, அரசே" என்றான் ஆதன். "நிலவின் கண்ணீர் என்று சொன்னால், என் மனைவி துடைத்துப் போட்டுவிடுவாள்."

மேகவர்மன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் செங்கமலையும் சிரித்தாள்.