ராயப்பன் கேட்ட உதவி

மைக் செட் ராயப்பனின் மனைவி ஞானசெல்வி இஸ்ரேலில் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். சண்டை மூண்டு விமானங்கள் நின்றுபோயின; போனும் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அவள் குரலைக் கேட்காமல் ராயப்பன் தவித்தான்.

காலையில் தேவாலயத்தில் இஸ்ரேல் பக்கம் நிற்பேன் என்று முழங்கிய வேட்பாளர், சாயங்காலம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு வந்து பாலஸ்தீனத்தின் பக்கம் நிற்பேன் என்றார். இரண்டு இடத்திலும் ராயப்பன்தான் மைக்.

“அங்கே சமாதானம் கொண்டுவர என்னாலதான் முடியும்னு நீயும் சொல்லுப்பா” என்று ராயப்பனிடம் மைக்கை நீட்டினார்.

“உண்மைதான் ஐயா. காலையில அந்தப் பக்கம் நின்னீங்க, இப்ப இந்தப் பக்கம் நிக்கிறீங்க. விமானமே போகாத இடத்துக்கு நீங்க ஒருத்தர்தான் போய் வர்றீங்க. அடுத்த தடவை என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

கூட்டம் சிரித்தது. வேட்பாளர் கஞ்சி குடிக்காமலே கிளம்பினார். ராயப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

இமாம் அருகில் வந்து, “அவங்க பேர் என்ன தம்பி?” என்றார்.

அன்றைய துஆ பிரார்த்தனையில் ஞானசெல்வியின் பேரும் ஒலிபெருக்கியில் கேட்டது.