பச்சைக் கல்லுக்குக் கீழ ஒரு சண்டை

ஒரு ஊர்ல ஒரு குழி இருந்துச்சு. ராஜா இல்ல, குழிதான். ராஜா கதை வேணும்னா இப்பவே தூங்கிடு, எனக்கு வேலை மிச்சம். குழியே போதுமா? சரி, அப்போ தலையணையைக் கடிக்காம ம் கொட்டு.

அந்த ஊர் பேரு மேக்கூர். அதுக்குக் கிழக்கால இன்னொரு ஊர், அது பேரு கெழக்கூர். பேரு வெக்கறதுக்கு யாரும் ரொம்ப யோசிக்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேடு, அதுதான் எல்லை. மேடு பூரா பச்சைப் பச்சையா கல்லு கிடக்கும். அந்தக் கல்லை ஒருத்தரும் தொட மாட்டாங்க. ஏன்னா எப்பவோ ஒருத்தன் ஒரு கல்லைக் கொஞ்சம் நகட்டி வெச்சுட்டான், எல்லையைத் திருடிட்டான்னு ரெண்டு ஊரும் அடிச்சுக்கிட்டு எல்லார் மண்டையும் உடைஞ்சுது. அன்னிலேர்ந்து அங்க ஏர் ஓட்டக் கூடாது, கடப்பாரை போடக் கூடாது. பொண்ணு குடுப்பாங்க, பொண்ணு எடுப்பாங்க, மேட்டை மட்டும் சுத்திக்கிட்டுப் போவாங்க.

ம் சொன்னியா? கேக்கல. ம்.

அப்புறம், மேக்கூர்ல சிலம்பாயின்னு ஒரு பொண்ணு. கெழக்கூர்ல நல்லதம்பின்னு ஒருத்தன். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. எப்படின்னு கேக்காத, பிடிச்சுப் போச்சு. ஆனா அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம். பொண்ணு வீட்டுச் சீர் நகை கிடையாது, பாத்திரம் பண்டம் கிடையாது, ஒரே ஒரு செம்புக் குடம். அந்தச் செம்பு பொண்ணோட சொந்த மண்ணுலேர்ந்து எடுத்ததா இருக்கணும். சந்தைல வாங்கினா செல்லாது. மேக்கூர்ல செம்பு எடுக்கறதுக்குன்னு இருந்ததுதான் அந்தக் குழி. அது தீர்ந்து போச்சு. உள்ள எட்டிப் பாத்தா ஒரு தவளை இருந்துச்சு, அவ்வளவுதான்.

நல்லதம்பியோட அம்மா பூங்காவனம் கறாரான ஆளு. ஆடி பொறக்கறதுக்குள்ள குடம் வரணும், இல்லன்னா வேற ஊர்ல பொண்ணு பாத்துடுவேன்னு சொல்லிட்டா. மாப்ள என்ன சொன்னானா? ஒண்ணும் சொல்லல.

அப்போ சிலம்பாயி கடப்பாரையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா. பெரிய வயிறுன்னா உள்ள பெருசா ஏதாவது இருக்கும்னு நினைச்சு மொதல்ல பெரிய மலைக்குப் போனா. டங். டங். டங். கடப்பாரை முனை மழுங்கினதுதான் மிச்சம்.

"செம்பு இருக்கா?"ன்னு கேட்டா.

மலை சொல்லுச்சு, நான் கெட்டிக் கல்லு, எனக்குள்ள ஒரு விரிசல் கூட இல்ல, வழி இல்லாத இடத்துக்கு எது வரும், போ புள்ள.

அவ போனா. ரெண்டாவதா ஓடைக் கரைக்குப் போனா. அங்க மண்ணெல்லாம் மினுமினு மினுமினு. சரக் சரக்குன்னு வெட்டி மடி நிறைய அள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்தா. அவங்க அப்பன் விரலால தேச்சுப் பாத்தாரு. ஏடு ஏடா உரிஞ்சு வந்துச்சு. செம்பு இல்ல, வெறும் காக்காப்பொன்னு. காக்காவுக்கு வேணா குடம் பண்ணலாம்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு.

அப்போ ஆனி பாதி போயிடுச்சு. மாப்ளையா? அவன் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தான். ஒண்ணும் சொல்லல.

மூணாவதா அவ அந்தப் பழைய குழிக்குள்ளயே இறங்கினா. தவளை நகந்து குடுத்துச்சு. அடியில காதை வெச்சு, செம்பு எங்கன்னு கேட்டா. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ரொம்பக் கீழேர்ந்து, கிணத்துக்குள்ள உரல் உருட்டற மாதிரி, கட... கட... கடன்னு ஒரு குரல்.

"யா...ரு...?"

அது மேக்கத்திப் பாறை. நம்ம கண்ணுல படற கல்லுக்கெல்லாம் கீழ, ஊருக்கே அடியில, மெத்தை மாதிரி கிடக்கற கிழட்டுப் பாறை. அது ஒரு வார்த்தை பேசி அடுத்த வார்த்தை பேசறதுக்குள்ள தவளை தூங்கிடுச்சு. நீ இன்னும் தூங்கல. ம்.

அது என்ன சொல்லுச்சுன்னா, நான் பாட்டுக்குத் தனியா கிடந்தேன், மேல புல்லு கூட மொளைக்காத காலம், அப்போ கெழக்கேர்ந்து இன்னொருத்தன் நகந்து நகந்து வந்து என் விலாவுல முட்டினான். அவன் கெழக்கத்திப் பாறை. நானும் விடல, அவனும் விடல. முட்டின எடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் வெடிச்சுப் போச்சு. அந்த வெடிப்பு இன்னும் கூடல. அன்னிலேர்ந்து நாங்க பேசிக்கறதில்லன்னு சொல்லுச்சு.

சிலம்பாயி, உங்க சண்டை இருக்கட்டும், செம்பு எங்கன்னு கேட்டா.

அதைத்தான் சொல்றேன்னுச்சு பாறை. எங்களுக்கும் கீழ வெந்நீர் இருக்கு. உப்பு கரைஞ்ச தண்ணி, கொதிக்கக் கொதிக்க இருக்கும். அது போற வழியில கல்லைக் கரைச்சு, அதுல இருக்கற துளித்துளிச் செம்பையெல்லாம் பொறுக்கி வெச்சுக்கும். அது மேல வரணும்னா வழி வேணும். என் நடு வயித்துல வழி இல்ல, அவன் நடு வயித்துலயும் இல்ல. நாங்க முட்டின வெடிப்புலதான் வழி. அதுல புஸ்ஸுனு ஏறி வந்து, மேல வர வர ஆறிப் போயிடும். ஆறின தண்ணிக்குச் சுமக்கத் தெம்பு ஏது? செம்பை அங்கயே போட்டுட்டுப் போயிடும். நீ உக்காந்திருக்கியே இந்தக் குழி, இது சும்மா ஒரு கிளை விரிசல். தண்டு அங்க இருக்கு.

எங்கன்னு கேட்டா.

"தேய்க்காம வெச்ச செம்புப் பாத்திரம் என்ன நிறத்துல இருக்கும்?"

சிலம்பாயி விறுவிறுன்னு மேல ஏறி வந்துட்டா. உனக்குத் தெரியுமா? ஆமா, பச்சையா களிம்பு ஏறியிருக்கும். எல்லை மேட்டுக் கல்லு பூரா அதே செம்புக் களிம்பு. ரெண்டு ஊரும் அதை எல்லைச்சாமியோட கோபம்னு கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

அப்புறம் அவ பட்டப்பகல்ல, எல்லாரும் பாக்க, மேட்டுல ஏறிக் கடப்பாரையைப் போட்டா. நச். நச். நச். மூணாவது நச்சுக்கு ரெண்டு ஊரும் கம்போட வந்து நின்னுடுச்சு. ஆனா அவ தோண்டின புதுக் குழிக்குள்ள பச்சையும் மஞ்சளுமா பாளம் பாளமா செம்புக்கல்லு இருக்கறதைப் பாத்ததும் கம்பு எல்லாம் தானா இறங்கிடுச்சு. அவ கல்லை இடிச்சு, கரி போட்டு, புஸ் புஸ்ஸுனு துருத்தி ஊதி உருக்கினா. பாத்திரம் தட்டற கன்னார் ஒருத்தரு டொக் டொக் டொக்குன்னு தட்டிக் குடம் பண்ணிக் குடுத்தாரு. ஆனி முடியப் போற நேரம், கொண்டு போய்ப் பூங்காவனம் முன்னால வெச்சா.

பூங்காவனம் குடத்தைச் சுண்டிப் பாத்தா. ணங்குன்னுச்சு. நல்ல குடம்தான், ஆனா எல்லைச் செம்பு, பாதி எங்க மண்ணு, சொந்த மண்ணுச் செம்பு இல்ல, செல்லாதுன்னுட்டா.

உடனே மேக்கூர்காரங்க முழுசும் எங்க மண்ணுன்னாங்க. கெழக்கூர்காரங்க முழுசும் எங்களுதுன்னாங்க. கம்பு மறுபடி மேல போச்சு. மாப்ளையா? இரு.

சிலம்பாயி ரெண்டு பக்கமும் பாத்தா. அப்புறம் குடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு மேட்டுக்குத் திரும்பி நடந்தா. குழிக்குப் பக்கத்துல மூணு பச்சைக் கல்லைக் கூட்டி அடுப்பு போட்டா. பத்த வெச்சா. பூங்காவனம் பின்னாலயே போய், என்ன புள்ள பண்றேன்னு கேட்டா.

"ஊரை மாத்திக்கிட்டேன் அத்தை. இப்போ இதுதான் என் ஊரு. இந்த மண்ணுச் செம்புதான் இந்தக் குடம்."

வழக்கத்தைப் பூங்காவனமும் எல்லாப் பக்கமும் புரட்டிப் பாத்தா, ஓட்டை இல்ல. எந்த ஊர்லயும் சேராத மேட்டுல அடுப்பு போடக் கூடாதுன்னு யாரும் சொல்லி வெக்கல. யாருக்கும் தோணல.

அப்போதான் நல்லதம்பி முன்னால வந்தான். அடுப்பைப் பாத்தான், குழியைப் பாத்தான், அவளைப் பாத்தான்.

"உங்க ஊர்ல எனக்கு எடம் இருக்கா?"ன்னு கேட்டான்.

கதை ஆரம்பிச்சதுலேர்ந்து அவன் பேசினது அவ்வளவுதான்.

"உக்காரு"ன்னா அவ.

ஆடிக்கு ஒரு நாள் முன்னால கல்யாணம் ஆச்சு. ரெண்டு ஊரும் சாப்பிட வந்து ஆளுக்கொரு பக்கமாப் பந்தியில உக்காந்துச்சு. அப்புறம் அவங்க ரெண்டு பேரும் மேட்டுலயே குடியிருந்தாங்க. எப்பவாவது அலமாரிப் பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடும். விருந்துக்கு வந்த பூங்காவனம் ஒரு தடவை பயந்து எழுந்துட்டா. என்னடி சத்தம்னா.

"ஒண்ணுமில்ல அத்தை, கீழ ரெண்டு சம்பந்திங்க இன்னும் முட்டிக்கிட்டிருக்காங்க"ன்னு சிலம்பாயி சொல்லிட்டு, குடத்துலேர்ந்து தண்ணி மொண்டு குடுத்தா.

தவளையா? பழைய குழியிலதான் இருக்கு. அதுக்கென்ன.

குடத்துக்கு மூடி போட்டாச்சு, கதைக்கும் போட்டாச்சு. உன் கண்ணு மட்டும்தான் தொறந்திருக்கு, மூடு.