யாமினியும் மூக்குத்திக் கல்லும்

"எனக்கு எப்போது அறிக்கையில் கையெழுத்துப் போட அனுமதி கொடுப்பீர்கள், மேடம்?" என்று அருளப்பன் கேட்டார்.

சபூரா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்றைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒரு நாள்கூட விடவில்லை."

அருளப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சபூராவுக்கு முப்பத்திரண்டு. அந்த ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் பத்து மாதமாக சபூராதான் அவருக்குக் குரு.

அன்று யாமினி வந்திருந்தது.

உலகமே பேசும் நீல வைரம். கண்காட்சிக்குப் போகும் வழியில் ஒரு நாள் பரிசோதனை. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள்.

"பத்து லட்சம் கார்பன் அணுவுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ போரான் அணு," என்றார் அருளப்பன். "அவ்வளவுதான், மேடம். அது சிவப்பு ஒளியைத் தின்றுவிடுகிறது. மிச்சம் இந்த நீலம்."

"தெரியும், சார்."

"புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தால்..."

"காட்டுங்கள். காட்டாமல் விடமாட்டீர்கள்."

அறை விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா விளக்கைக் கல்மேல் காட்டி அணைத்தார்கள். இருட்டில் நீலக் கல் தணல்போலச் சிவந்து கிடந்தது. பிறகு மெல்ல அவிந்தது.

அருளப்பன் கல்லை நோக்கி இன்னும் குனிந்தார்.

"முடிந்ததா? நகருங்கள்."

"ஒரே ஒரு தடவை லென்ஸில் பார்த்துக்கொள்கிறேன்."

அறை விளக்கைப் போட்டு, லென்ஸை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடினார்.

"இன்னொரு கண்ணை மூடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?"

"பழகிவிட்டது, மேடம்."

"சுவரில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறேன்?"

"நிறக் கல்லை ஐந்து விநாடிக்கு மேல் பார்க்கக் கூடாது. கண் களைத்துவிடும்." லென்ஸை எடுக்காமலே சிரித்தார். "இதை நானே வருடா வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்."

சபூரா பெருமூச்சு விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்.

அருளப்பன் லென்ஸை எடுக்க நான்கு நிமிடம் ஆனது.

பிறகு சபூரா ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை அவர் முன் வைத்தார்.

"மூக்குத்திக் கல். வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் இருக்கிறார், அவருடையது. மெருகு போடக் கொடுத்தபோது நகை செய்யும் பத்தர் கல்லை மாற்றிவிட்டார் என்கிறார். பத்தரும் வந்திருக்கிறார். அந்தக் கல்லின் பழைய அறிக்கையில் சுத்த வெள்ளை என்று இருக்கிறது. அளவு, எடை எல்லாம் ஒத்துப்போகிறது. நிறம் மட்டும் பாக்கி. நீங்கள் சொல்லுங்கள்."

"நானா?"

"கையெழுத்தும் நீங்களே போடுங்கள்."

அருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளைக் காகிதத்தை மடித்து, அந்த மடிப்பில் கல்லைக் குப்புற வைத்தார். மினுக்கு ஏமாற்றாமல் இருக்க அப்படித்தான் வைக்க வேண்டும். லென்ஸை எடுத்தார். இடது கண்ணை மூடினார்.

"மஞ்சள்."

"நன்றாகப் பாருங்கள்."

"நன்றாகத் தெரிகிறது. கல் மாறியிருக்கிறது. சந்தேகமே இல்லை."

பேனாவைத் திறந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சின் ஒரு நுனியில் அம்மாள், மறு நுனியில் பத்தர். பத்தர் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கையெழுத்துக்கு முன்னால் கல்லை எடுங்கள்," என்றார் சபூரா. "வெறும் காகிதம் என்ன நிறம்?"

அருளப்பன் லென்ஸில் பார்த்தார்.

புதிய கட்டிலிருந்து வேறொரு தாளை உருவிப் பார்த்தார். இன்னொன்றையும் உருவினார்.

"என்ன நிறம், சார்?"

"மஞ்சள்."

"இத்தனை நாள் மூடியே வைத்திருந்தீர்களே, அந்தக் கண்ணைத் திறங்கள்."

இடது கண்ணால் பார்த்தார். காகிதம் வெள்ளை. கல்லை மறுபடி வைத்தார். கல்லும் வெள்ளை.

வலது கண். மஞ்சள்.

இடது கண். வெள்ளை.

"எந்தக் கண்ணுக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்? நான்கு நிமிடம் நீலம் பார்த்துக் களைத்த கண்ணுக்கா?"

அருளப்பன் பேனாவை மூடி சபூராவிடம் நீட்டினார்.

"அதை ஏன் என்னிடம் தருகிறீர்கள்?" சபூராவின் குரல் உயர்ந்தது. "பத்து மாதமாக என் உயிரை வாங்கினீர்களே! எழுதுங்கள். வெள்ளை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பத்தர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை."

அருளப்பன் மேசையின் ஓரத்தில் யாமினி இருந்த பெட்டியைப் பார்க்காமல் எழுந்தார்.

"கால் மணி நேரம் ஆகட்டும், மேடம். கண் தெளிந்ததும் மறுபடி பார்த்துப் போடுகிறேன்," என்றார்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் போனார்.