நாற்பத்து நான்கு துளைகள்

வேங்கைக்காட்டில் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் மிச்சமிருந்த ஒரே இடம் ஊற்றுமேடு. அங்கேயும் ஒரு கூட்டத்தின் தாகத்துக்குத்தான் கசிந்தது.

முன்பு அந்தத் தண்ணீருக்காக மிருகங்கள் முட்டி மோதிச் செத்திருக்கின்றன. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. கோடைக்கு முன் ஏரியைச் சுற்றி ஏழு பந்தயம். முதலில் வந்தால் பத்துத் துளை, இரண்டாவதுக்கு ஆறு, மூன்றாவதுக்கு நான்கு. ஓடுகிற ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு மரம் உண்டு. தச்சன் என்ற மரங்கொத்திதான் அதில் துளைகளைக் கொத்தும். ஏழு பந்தயமும் முடிந்தபின் யார் மரத்தில் துளை அதிகமோ, அவர் கூட்டத்துக்கு ஊற்றுமேடு. மற்றவர்கள் மணலாற்றைத் தாண்டி, இரண்டு பகல் நடந்து, தூரத்து அணைக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. வேண்டுமென்றே யாரையாவது இடித்துத் தள்ளினால், இடித்தவரின் துளைகள் அத்தனையையும் தச்சன் வேங்கைப் பிசினால் அடைத்துவிடும்.

ஆறு பந்தயம் முடிந்திருந்தது. பொரியன் என்ற புள்ளிமானுக்கு நாற்பத்து நான்கு துளை. கூர்ச்செவி என்ற முயலுக்கு முப்பத்தாறு. மற்றவர்கள் எல்லாம் வெகு தூரம் பின்னால்.

கடைசிப் பந்தயத்தன்று காலையில் பொரியனின் மனைவி தும்பை சொன்னாள்: "கூர்ச்செவி முதல்ல வந்தாலும் அவனுக்கு நாற்பத்தாறுதான். நீங்க மூணாவதா வந்தா நாற்பத்தெட்டு. மூணாவது போதுங்க! நிதானமா ஓடிட்டு வாங்க!"

பக்கத்தில் அவர்களுடைய குட்டி நொச்சி படுத்திருந்தாள். பிறந்து ஒரு மாதம்தான். நோஞ்சான் குட்டி. நாலடி வைத்தால் கால் மடங்கிவிடும். மணலாற்றை அவளால் தாண்ட முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

"மூணாவது போதும்," என்று சொல்லிக்கொண்டேதான் பொரியன் கிளம்பினான். வழியில் ஒரு குரங்கு கிளையில் தொங்கியபடி கேட்டது.

"என்ன பொரியா, கடைசிப் பந்தயத்துல முயல்கிட்ட தோத்துட்டு, மேட்டுல போய் ராஜா மாதிரி உக்காருவியா? சிரிக்க மாட்டாங்களா!"

குரங்குக்கு என்ன, ஓடப்போவதும் இல்லை, இழக்கப்போவதும் இல்லை. சொல்லிவிட்டுக் காயைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. பொரியனுக்குத்தான் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது.

பந்தயம் தொடங்கியது. ஏரியை மூன்று சுற்று. முதல் சுற்றில் பொரியன் முன்னால். இரண்டாவதிலும் அவனே. காட்டுப்பன்றியும் மற்றவர்களும் புழுதியில் கண்ணுக்கே தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில் கரும்பாறை வளைவு வந்தது. பாறைக்கும் பாதைக்கும் நடுவே ஒரு முயல் நுழையும் அளவு இடம். கூர்ச்செவி அதில் நுழைந்து, பொரியனின் தோளருகே வந்துவிட்டான். இன்னும் இரண்டு பாய்ச்சலில் முந்திவிடுவான்.

முந்தட்டுமே! இரண்டாவதாக வந்தால் ஐம்பது துளை ஆயிற்றே! ஆனால் அந்த நேரத்தில் பொரியனுக்குத் துளையும் நினைவில்லை, ஊற்றும் நினைவில்லை, நொச்சிகூட நினைவில்லை. ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது. தோளால் ஓங்கி இடித்தான்.

கூர்ச்செவி பாறையில் மோதி விழுந்தான். பின்னங்கால் மளுக்கென்று முறிந்தது.

பொரியன் முதலாவதாக வந்தான். கரையில் ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. தச்சன் அலகில் சிவப்புப் பிசினோடு பொரியனின் மரத்தில் வந்து உட்கார்ந்தது.

"தச்சா, வேணும்னு செய்யல! வளைவுல கால் வழுக்கிடுச்சு!"

"பாறைக்கு மேலதான் பறந்துட்டிருந்தேன். உன் கால் வழுக்கல பொரியா," என்றது தச்சன். ஒவ்வொரு துளையாக அடைத்தது. நாற்பத்து நான்கையும் அடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. பொரியன் அங்கேயே நின்று அத்தனையையும் பார்த்தான். இனி அதிகத் துளை கூர்ச்செவியின் மரத்தில்தான்; ஊற்றுமேடு முயல்களுக்கு.

பிறகு கூர்ச்செவியிடம் போனான். முயல்கள் அவனைச் சூழ்ந்து அழுதுகொண்டிருந்தன.

"ஏன் இடிச்சே?" என்று கேட்டான் கூர்ச்செவி. "நான் முதல்ல வந்தாலும் மேடு உனக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? அதான் கிடைக்காதுன்னு ஆயிடுச்சே, கடைசிப் பந்தயத்தையாவது ஜெயிச்சுட்டு அணைக்கு நடக்கலாம்னு பார்த்தேன். இனிமே எங்க நடக்கிறது!"

பொரியன் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டான். "என் குட்டியை மட்டுமாவது ஊற்றுப் பக்கம் விட்டு வைங்க!" என்று முயல்களிடம் கெஞ்சினான்.

"எங்க ஆள் காலை ஒடிச்சவன் வீட்டுக்கு ஒரு சொட்டுகூடக் கிடையாது!" என்றது ஒரு கிழமுயல். கூர்ச்செவி வலியில் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் மான்கூட்டம் மணலாற்றில் இறங்கியது. தகிக்கும் மணல். தும்பை குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"கொஞ்சம்தான் கண்ணு! அதோ, அந்த மரம் வரைக்கும்!"

அந்த மரம் வந்தது. அடுத்த மரத்தைக் காட்டினான். இரண்டாம் நாள் உச்சிவேளையில் நொச்சி மணலில் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் தூரம் கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

சாயங்காலம் மான்கள் அணைக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் தண்ணீர் குடித்தன. பொரியனால் மட்டும் தண்ணீருக்குத் தலை குனிய முடியவில்லை. தும்பை அவனைத் திட்டவில்லை.

"மூணாவது போதும்னு சொன்னேனே," என்று மட்டும் சொன்னாள்.

தனக்கு வேண்டியது கைக்கு வந்தபின்னும் அடுத்தவன் தோற்றே ஆகவேண்டும் என்று நினைப்பவன், கையில் இருந்ததையும் சேர்த்து இழந்துவிடுவான்.