மேடையில் வரைந்த முகம்

ஜெசிந்தா டீச்சரிடம் ஓவியம் கற்றவர்களில் சௌந்தரபாண்டியன்தான் மூத்தவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தார். டீச்சருக்கே அவர் அண்ணன் வயது.

வேகமான கை. கூட்டத்துக்கு முன்னால் நின்று வரைவது அவருக்குப் பிடித்துப்போயிற்று. திண்டுக்கல் பக்கம் கலைஞர்களுக்காக எங்கே நிதி திரட்டினாலும் மேடையோரத்தில் அவருடைய படம் வரையும் ஸ்டாண்டு நிற்கும். நிகழ்ச்சி முடிவதற்குள் படமும் முடிந்துவிடும். அதை அங்கேயே ஏலம் விடுவார்கள்.

டீச்சர் அந்த நிகழ்ச்சிகளுக்குப் போனதில்லை. பெரியகருப்பனுக்காக நடந்த விழாவுக்கு மட்டும் போனார்.

பெரியகருப்பன் வயதான நாடக நடிகர். ராஜா வேஷம் கட்டுபவர். மேடையில் கால் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்காகச் சக நடிகர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடத்தினார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார்கள். மீசையை முறுக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, தர்பாரில் இருப்பவர்போல அவர் உட்கார்ந்திருந்தார்.

சௌந்தரபாண்டியன் அவரை அப்படியேதான் வரையத் தொடங்கினார். கூட்டம் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. படத்தில் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருமை சேர்த்தார். முன்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, பாவம்" என்றாள். கன்னத்தை ஒட்டவைத்தார். தோளைத் தொங்கவிட்டார். மண்டபம் அமைதியாயிற்று. கடைசியாக, அங்கே இல்லாத ஒரு கண்ணீர்த் துளியை வைத்தார்.

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. படம் யாரும் நினைக்காத விலைக்குப் போயிற்று. சிகிச்சைக்கு அதுவே போதும் என்றார்கள்.

திரும்பிப் போகும்போது பெரியகருப்பன் நாற்காலியைப் படத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னார். பார்த்தார்.

"இது யாருங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் சௌந்தரபாண்டியன் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"நேத்து பார்த்தீங்கல்ல டீச்சர்?"

"பார்த்தேன் சார்."

"அந்தக் கண்ணீர் இல்லைன்னா பணம் சேர்ந்திருக்காது."

"சேர்ந்திருக்காது."

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

டீச்சர் உள்ளே போய்ப் புதிய கேன்வாஸ் ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு அவர் வீட்டுக்கு வரட்டும். போய் அவரை வரைஞ்சு, அவர்கிட்டயே குடுத்துட்டு வாங்க."

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எலும்பு கூடிவிட்டது. சௌந்தரபாண்டியன் போனபோது பெரியகருப்பன் கைத்தடியோடு வாசலில் நின்று, தெருவே கேட்கும் குரலில் தண்ணீர் லாரிக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க! இன்னிக்கு நான் நடக்கிறேன்னா உங்களாலதான்."

வரைய வந்திருப்பதைச் சொன்னதும் மகிழ்ச்சியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள் தொங்கிற்று. கன்னம் ஒட்டிற்று. கண் நிறைந்தது. தேர்ந்த நடிகர். ஒரு துளி வழியவே வழிந்தது.

"ஐயா, சாதாரணமா இருங்க."

"இதுதான் தம்பி எடுபடுது. உங்க படத்தைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு மூணு பேர் நிதி திரட்டணும்னு வந்து போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் இப்படித்தான் உட்காரச் சொன்னாங்க. ராஜாவா உட்கார்ந்தா யாரு குடுப்பா?"

"இது விக்கிறதுக்கு இல்லைங்க ஐயா. உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

பெரியகருப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசையைத் தடவிவிட்டார். நெஞ்சை நிமிர்த்தினார். சௌந்தரபாண்டியன் பிரஷ்ஷை எடுத்ததும் தோள் மறுபடி இறங்கிற்று. திரும்பவும் நிமிர்ந்தார். திரும்பவும் இறங்கிற்று.

"வரமாட்டேங்குதே தம்பி" என்றார், கூச்சத்தோடு.

சௌந்தரபாண்டியன் வெறும் கேன்வாஸோடு டீச்சரிடம் திரும்பினார். நடந்ததைச் சொன்னார்.

"அந்த முகத்தை நான்தானே டீச்சர் அவருக்குக் குடுத்தேன்?"

டீச்சர் கேன்வாஸை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நானும் அன்னிக்குக் கைதட்டினேன் சார்" என்றார்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"நாளைக்கும் போங்க. பிரஷ் எடுத்துட்டுப் போகாதீங்க."

"போய்?"

"பேசிட்டு இருங்க. என்னிக்காவது தன்னை மறந்து நிமிர்ந்து உட்காருவார்."

"அப்ப வரையவா?"

"வேண்டாம். பாருங்க, போதும்."

சௌந்தரபாண்டியன் எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

"அவர் நிமிரவே இல்லைன்னா டீச்சர்?"

"அப்பவும் போங்க சார்."